பர்மா பஜார் அத்தோ கடைகள்: அப்பத்தாவின் கைப்பக்குவத்தை அளவுகோலாக வைத்து ஒரு மதிப்புரை

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ராஜாஜி சாலையோரமாக நீளும் பர்மா பஜாரைக் கடந்து செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் திரும்பினால், மாலை வேளையில் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோவை விற்கும் கடைகள் ஒவ்வொன்றாகத் திறப்பதைக் காணலாம். தள்ளுவண்டியின்மேல் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவியல், பக்கத்தில் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வரிசையாக எண்ணெய்க் கிண்ணங்கள், பின்னால் கொதித்துக்கொண்டிருக்கும் சூப் அண்டா என்று எல்லாக் கடைகளும் பார்வைக்கு ஒரே சாயலில்தான் இருக்கும். இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் சென்னையின் விசித்திரமான மாலைத் தின்பண்டம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அத்தோவைச் செய்து விற்று நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் எங்கள் அப்பத்தா. தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து மறைந்த அவருடைய கைப்பக்குவத்தை வைத்தே இந்தக் கடைகளை நான் எடைபோடுகிறேன். அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் மதிப்பீடு நியாயமாக இருக்கும்.

அத்தோ சாப்பிட்டிராதவர்களுக்காக முதலில் அதன் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அதன்மேல் முட்டைக்கோஸ் சீவல், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, உப்பு, மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் போட்டு, பூண்டெண்ணெயையும் புளிக்கரைசலையும் ஊற்றி, பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அடுப்பில் வைத்துக் கிளறும் வேலை கிடையாது. தொட்டுக்கொள்ள அல்லது நடுநடுவே குடிக்க, சூடான வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வரும். சீன நூடுல்ஸ் என்று நினைத்து வருபவர்கள் முதல் வாயில் சற்றுத் திகைப்பார்கள். உணவு ஆறியிருக்கும், புளிப்பு முன்னே நிற்கும், பூண்டு மணம் பின்னால் வரும். இரண்டாவது வாயில் பலருக்கும் பிடித்துப்போகும்.

இந்த உணவின் உயிர் பூண்டெண்ணெயில் இருக்கிறது என்பது அப்பத்தாவின் உறுதியான கருத்து. அகன்ற இரும்புச் சட்டியில் கடலை எண்ணெயை ஊற்றி, அது புகையும் முன்பே மெல்லிய வளையங்களாக அரிந்த வெங்காயத்தைப் போட்டு, தீயைக் குறைத்து, கரண்டியை எடுக்காமல் கிளறிக்கொண்டே நிற்பார். வெங்காயம் சிவக்கத் தொடங்கும்போது வடித்தெடுத்து முறத்தில் பரப்பிவிட்டு, அதே எண்ணெயில் தட்டிய பூண்டைப் போடுவார். பூண்டு நிறம் மாறியதும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தூவிச் சட்டியை இறக்கிவிடுவார். சட்டியின் சூட்டிலேயே மிச்ச வேலை முடியும். "வெங்காயம் செவக்கணும், கருகக் கூடாது, கருகுனா எண்ணெயைக் கொட்டிப்புட்டு மறுபடி வையி" என்று என் அம்மாவிடம் அவர் சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணெய்க்காகத் துளித்துளியாகக் கணக்குப் பார்த்த வீட்டில், கருகிய எண்ணெயைக் கொட்டச் சொல்வது சிறிய விஷயமில்லை.

செகண்ட் லைன் பீச் கடைகளில் நல்ல கடையை இந்த எண்ணெயை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தட்டு கேட்பதற்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். தெளிந்த பொன்னிறத்தில், அடியில் பூண்டுத் துணுக்குகள் தெரியும்படி இருந்தால் தயங்காமல் உட்காரலாம். பழுப்பேறிக் கலங்கியிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவது நல்லது. இந்த வரிசையில் ஒரு கடையில் முந்தைய நாள் எண்ணெயின் சிக்கு வாடையோடு ஒரு தட்டு கிடைத்ததுண்டு. அதே தெருவில், சில அடி தள்ளி, அப்பத்தா சாப்பிட்டிருந்தால் இரண்டாவது தட்டு கேட்டிருப்பார் என்று சொல்லத்தக்க அத்தோவும் கிடைத்தது. தரம் கடைக்குக் கடை மாறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அப்பத்தாவின் குடும்பம் இன்றைய சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தது. நகரத்தார் வட்டிக்கடைகள் பர்மாவின் ஐராவதி டெல்டா நெல் வயல்கள்வரை பரவியிருந்த காலத்தில், அந்தக் கடைகளில் கணக்கெழுதவும் சமைக்கவும் எடுபிடி வேலை பார்க்கவும் அப்பகுதியிலிருந்து ஏராளமானோர் கப்பலேறினார்கள். அப்பத்தாவின் தகப்பனாரும் அப்படிப் போனவர்தான். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசியபோது அப்பத்தாவுக்குப் பதினைந்து பதினாறு வயது. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே நாடு திரும்பக் கிளம்பினார்கள். தகப்பனார் கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட, காய்ச்சலில் துவண்ட தாயையும் கைக்குழந்தையான தம்பியையும் அழைத்துக்கொண்டு, மாண்டலேக்கும் அங்கிருந்து சிண்ட்வின் ஆற்றின் கரைக்கும் சென்று, கபாவ் பள்ளத்தாக்கைக் கடந்து எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தப் பாதைகளில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பல்லாயிரம் பேர் பலியானார்கள். தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் இம்பாலைத் தாண்டி திமாப்பூர்வரை வந்து ரயிலேறியதாக அவர் சொல்வார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வழியில் ஒரு மலைக்கிராமத்துப் பெண் மூங்கில் குழாயில் வைத்துக் கொடுத்த சோற்றின் ருசியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இவ்வளவு பட்டவர் மறுபடியும் பர்மாவுக்குப் போவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். போர் முடிந்து, கல்யாணமும் ஆனபின், தாத்தா ரங்கூனில் மளிகைக் கடை வைக்கப் போவதாகச் சொன்னபோது, அவரைத் தனியாக அனுப்பிவிட்டு ஊரில் இருக்க அப்பத்தா சம்மதிக்கவில்லை. பெண்டு பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் போய்வருவது அந்தக் காலத்தில் பரவலான வழக்கம். பெரியவர்கள் எதிர்த்தும் கேட்காமல் அவரும் கப்பலேறினார். அத்தோவைக் கற்றுக்கொண்டது அப்போதுதான். ரங்கூனில் அடுத்த வீட்டுப் பர்மியப் பெண்மணி சமைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பர்மிய மொழியையும் சமையலையும் ஒன்றாகவே பழகிக்கொண்டார். அவர் கற்ற அத்தோவில் வறுத்த கடலை மாவும், காய்ந்த கூனி இறாலை வறுத்து இடித்த பொடியும் சேரும். கடலை மாவு புளிக்கரைசலை இழுத்துக்கொண்டு நூடுல்ஸின்மேல் படியும். கூனிப் பொடி உப்புக்கு ஓர் ஆழம் கொடுக்கும். சென்னைத் தெருக்கடைகளில் நான் சாப்பிட்ட அத்தோவில் கூனிப் பொடி இருந்ததில்லை, கடலை மாவும் அரிதாகவே இருந்தது. மரக்கறி சாப்பிடுபவர்களும் வரும் கடைவீதியில் கூனியைத் தவிர்ப்பது புரிந்துகொள்ளக்கூடியது. கடலை மாவைத் தவிர்ப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அது இல்லாததால்தான் பல கடைகளில் தட்டின் அடியில் புளித்தண்ணீர் தேங்கி நிற்கிறது.

1962 மார்ச்சில் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூனின் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது தாத்தாவின் மளிகைக் கடையும் போனது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு மக்கள் கடை என்று எண் எழுதிய பலகையை மாட்டினார்கள். மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கையில் இருந்ததும் போனபின், அடுத்த ஆண்டு நான்கு பிள்ளைகளோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நகைகளையும் பணத்தையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததால், கழுத்தில் மஞ்சள் கயிறும் கையில் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்தார் அப்பத்தா. அந்த ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் குடியிருப்புகள் உருவாயின. பர்மா காலனி என்ற பெயர் இன்றும் பல ஊர்களில் வழங்குகிறது. எங்கள் குடும்பம் வியாசர்பாடியில் குடியேறியது. துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் 1969இல் பர்மா பஜார் அமைந்தபோது, அகதிகளாக வந்தவர்களில் பலருக்கு அங்கே கடை கிடைத்தது. தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை, மனமுடைந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பத்தா அத்தோ விற்கத் தொடங்கினார். வேறு எந்தப் பலகாரத்தையும் விட அத்தோ அவருக்குப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இட்லியோ வடையோ விற்க வேண்டுமானால் விற்கும் இடத்தில் அடுப்பு எரிய வேண்டும், விறகு வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும். அத்தோவுக்கோ பகலில் வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சி, நூடுல்ஸ் வேகவைத்து, பேஜோ பொரித்து வைத்துவிட்டால், மாலையில் ஒரு அலுமினியப் பேசினும் சில கிண்ணங்களும் போதும். சூப்புக்கு மட்டும் ஒரு கரி அடுப்பு. முதலீடு இல்லாமல், பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஒற்றை ஆளாக நடத்தக்கூடிய தொழில் இது. இன்று செகண்ட் லைன் பீச்சில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பிசைந்து கொடுப்பதைப் பார்க்கும்போது, அந்த வேகம் இந்த உணவின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது தெரியும். காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் எந்தக் கடைமீதும் எனக்குக் குறையில்லை.

பேஜோவைப் பொறுத்தவரை கடைகள் அப்பத்தாவை மிஞ்சிவிட்டன என்றே சொல்வேன். அவருடைய பேஜோ சற்றுத் தடிமனாக இருக்கும். நல்ல கடைகளில் இன்று கிடைப்பது மெல்லியது. கையில் எடுத்தாலே நொறுங்குகிறது. பிசைந்த பின்னும் சில நிமிடங்கள் மொறுமொறுப்பு போகாமல் நிற்கிறது. அதனால் தட்டு கைக்கு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் சாப்பிட்டுவிட வேண்டும். நூடுல்ஸின் நிறம்தான் உறுத்துகிறது. சில கடைகளில் விரலில் ஒட்டும் அளவுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அப்பத்தா மஞ்சள் தூளைத் தவிர வேறெந்த நிறத்தையும் சேர்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் ஆரஞ்சு நிறத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நாமே நிறம் குறைவான கடையைத் தேடிப் போனால் அவர்களும் மாறுவார்கள் என்று நம்புகிறேன். முட்டைக்கோஸின் அளவும் கூடிக்கொண்டே போகிறது. விலைவாசியை நினைத்தால் அதைக் குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை.

வாழைத்தண்டு சூப்புக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பர்மாவின் காலை உணவான மொஹிங்காவை மீனும் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் சேர்த்துக் காய்ச்சி, அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றித் தருவார்கள். சென்னையின் தெருக்கடைகளில் கிடைக்கும் மொஹிங்காவில் பெரும்பாலும் மீன் இருக்காது. வாழைத்தண்டு சூப்பையே நூடுல்ஸின்மேல் ஊற்றி, பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். மீன் போட்ட மொஹிங்காவோடு ஒப்பிட்டால் இது சாதாரணமானதுதான். ஆனால் அத்தோவுக்குத் துணையாக, மிளகு காரத்தோடு வரும் அந்தச் சூப் மட்டும் தனியாக மிகவும் நன்றாக இருக்கிறது. தண்டை நாரெடுத்து வட்டவட்டமாக நறுக்கி மோரில் போட்டு வைப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலை. விரலில் நாரைச் சுற்றி இழுத்தெடுக்கும் வித்தையை அப்பத்தாவிடம்தான் கற்றேன். நார் சரியாக எடுக்காத சூப்பைக் குடிக்கும்போது பல்லிடுக்கில் சிக்கும். அவசரத்தில் வேலை செய்யும் கடைகளை அதிலேயே கண்டுகொள்ளலாம்.

முட்டை மசாலாவைத் தவறவிடக் கூடாது. அவித்த முட்டையை நடுவில் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, பூண்டெண்ணெயும் புளிக்கரைசலும் மிளகாய்த் தூளும் விட்டுத் தருகிறார்கள். முழுதாக ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பத்தா இதை விற்பனைக்கு வைத்ததில்லை. பரீட்சை நாட்களில் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் செய்து தருவார். கடைகளில் கிடைக்கும் முட்டை மசாலாவுக்கும் அவர் செய்ததற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இந்தத் தெருவில் நான் முழு மனதோடு பரிந்துரைக்கும் பண்டம் இதுதான்.

1942இல் அவர் இடுப்பில் சுமந்துவந்த தம்பி, 1960களில் இரண்டாவது முறையாக அகதியாகி வந்தபின், தமிழ்நாட்டு வாழ்க்கையில் ஒட்ட முடியாமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூருக்குப் போனவர்களில் ஒருவர். எல்லையில் வழி கிடைக்காமல் மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே அங்காள பரமேஸ்வரி கோயிலைக் கட்டி, தமிழ்ச் சங்கமும் வைத்து வாழ்கிறார்கள். 1995இல் மோரேயில் எல்லை வணிகம் முறைப்படி தொடங்கிய பிறகு, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அப்பத்தா ஒற்றைக்காலில் நின்றார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, குவஹாத்தி, திமாப்பூர் வழியாக ரயிலிலும், பிறகு பேருந்தில் இம்பாலுக்கும், அங்கிருந்து மலைப்பாதையில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மோரே போய்ச் சேர்ந்தார். எதிர்த் திசையில் அவர் நடந்துவந்த அதே பாதை அது. பேருந்தில் நான் மயங்கிக் கிடந்தேன்; அவர் சன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த வளைவில் என்ன நடந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார். அங்காள பரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டிருந்த பாலாபிஷேகத்தை முடித்தபின்தான் தம்பி வீட்டில் வாயில் தண்ணீர் விட்டார்.

மறுநாள் எல்லை வாசலைத் தாண்டி நம்பலோங் சந்தைக்குப் போனோம். அங்கே தரையில் பாய் விரித்து அத்தோ பிசைந்துகொண்டிருந்த பர்மியப் பெண்ணின் எதிரே அப்பத்தா உட்கார்ந்து, முப்பது ஆண்டுகளாகப் பேசாத பர்மிய மொழியில் எண்ணெயைப் பற்றி விசாரித்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கரண்டியை நீட்ட, அப்பத்தா முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். கடலை மாவு இருந்தது, கூனிப் பொடி இருந்தது, நூடுல்ஸ் வெளிர் நிறத்தில் இருந்தது; வியாசர்பாடியில் அவர் பிசைந்ததற்கும் அதற்கும் ருசியில் வேறுபாடு இல்லை. அவர் கற்றுக்கொண்டதைக் குறையாமல் காப்பாற்றியிருந்தார் என்பதற்கு அன்று நானே சாட்சி. அதனால்தான் சென்னைக் கடைகளில் கடலை மாவு இல்லை என்று நான் குறைப்படுவது வெறும் வீட்டுப்பாசம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

இனி நடைமுறைச் செய்திகள். உட்கார வசதி என்று பெரிதாக எதுவும் இல்லை. சில கடைகளில் பிளாஸ்டிக் முக்காலிகள் இருக்கும், மற்றவற்றில் நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். வயதானவர்களை அழைத்துச் செல்வதானால் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விடுவது நல்லது. சில கடைகளில் கையுறை அணிந்து பிசைகிறார்கள், அது வரவேற்க வேண்டியது; ருசியில் எதுவும் குறையவில்லை. கிண்ணங்களைக் கழுவும் தண்ணீர் எல்லாக் கடைகளிலும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, எனவே வாழையிலையோ தாள் தட்டோ கேட்டு வாங்குங்கள். ஒருவர் அத்தோவும் முட்டை மசாலாவும் சூப்பும் வயிறார உண்ண இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பார்சல் வாங்க வேண்டாம். வீடு போய்ச் சேர்வதற்குள் பேஜோ நமுத்து, நூடுல்ஸ் புளியில் ஊறிக் கூழாகிவிடும். முதல்முறை போகிறவர்கள் மிளகாயைக் குறைத்து, பூண்டெண்ணெயை ஒரு கரண்டி கூடுதலாக விடச் சொல்லிக் கேளுங்கள். கடலை மாவு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கேட்பவர்கள் கூடக்கூட வைக்கத் தொடங்குவார்கள்.